சீல் வைத்த வரகு

போன மாதம் மயிலம் பக்கத்தில் வேலை பார்க்கும் உதவி வேளாண்மை அலுவலர்கள் இரண்டு பேர் திண்டிவனத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பயிர்ப் பரப்பு அறிக்கையில் வரகுக்கும் சாமைக்கும் இப்போது தனித்தனிக் கட்டம் இருப்பதைப் பேச்சுவாக்கில் சொன்னார்கள். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. நான் வேலையில் சேர்ந்த காலத்தில் வரகு, சாமை, கொள்ளு, காராமணி எல்லாம் ‘இதர பயிர்கள்’ என்ற ஒரே கட்டத்தில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. நெல், கரும்பு, நிலக்கடலைக்கு எழுதி முடித்து, மிச்சப் பரப்பை அங்கே போடுவோம். அதில் எது எவ்வளவு என்று யாரும் கேட்டதில்லை.

கிளம்பும்போது அவர்களில் ஒருவர், “வரகு சாப்ட்டு ஆளுங்க மயங்கி விழுந்த கேஸு நீங்க பார்த்ததுதானே சார்? அதை எழுதி வைங்க. ஊர்ல ஆளுக்கு ஒண்ணு சொல்லிக்கினு இருக்காங்க. ஒருத்தர் பூச்சிமருந்துன்றார், ஒருத்தர் செய்வினைன்றார்” என்றார்.

நாட்குறிப்பு எழுதுவது என் பழக்கம். தேதி போடாத குறிப்பை நான் நம்புவதில்லை. ஆனாலும் இங்கே ஆண்டுகளைக் குறிப்பிடவில்லை. இதில் வருகிறவர்கள் இன்னமும் அதே ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். மாதங்களை மட்டும் உள்ளபடியே விட்டிருக்கிறேன், ஏனென்றால் நடந்த அத்தனைக்கும் காரணம் மாதங்களில்தான் இருக்கிறது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நாற்றங்கால், உரக் கணக்கு, பயிர்ப் பாதுகாப்பு என்று நெல்லிலேயே பெரும்பகுதி போனது. வரகுக்குப் பாடக் குறிப்பில் அரைப் பக்கம். விதையளவும் வயதும் அதில் இருந்தன. அறுத்த பிறகு என்ன செய்வது என்று நான் எழுதிக்கொண்டதாக இல்லை. பிற்பாடு பழைய வருவாய்த் துறைக் கையேடுகளைத் தேடிப் படிக்கும் பைத்தியம் பிடித்தபோதுதான், எங்கள் பகுதி மானாவாரி நிலங்களைப் பற்றிய பக்கங்களில் வரகு எவ்வளவு மரியாதையாக உட்கார்ந்திருந்தது என்று பார்த்தேன். பிறகு நிலக்கடலை வந்தது, பம்புசெட் வந்தது, சவுக்கு வந்தது. வரகை யாரும் துரத்தவில்லை. அதற்கு உட்கார இடமில்லாமல் போனது, அவ்வளவுதான்.

இனி எங்கள் உதவி இயக்குநரைப் பற்றி. ஞானசௌந்தரி மேடம். விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாங்கள் எழுதிக் கொடுக்கும் அறிக்கையை, எழுதியவரை எதிரே உட்கார வைத்து வாய்விட்டுப் படிப்பார். ‘பூச்சித் தாக்குதல் பரவலாகக் காணப்படுகிறது’ என்று இருந்தால் அங்கே நிறுத்தி, “யார் பார்த்தாங்க?” என்பார். நான் பார்த்தேன் என்றால், எந்த வயல், எந்த மூலை என்பார். விவசாயி சொன்னார் என்றால், “அப்ப அவர் சொன்னார்னு எழுதுங்க” என்று பேனாவை நீட்டுவார். ‘காணப்படுகிறது’ என்ற சொல்லையே எங்களில் பலர் கைவிட்டோம். முதுகுக்குப் பின்னால் அவருக்கு ‘சாட்சி மேடம்’ என்று பெயர். அது அவருக்கும் தெரியும். கோபித்துக்கொண்டதில்லை.

கூட்டேரிப்பட்டிலிருந்து மயிலம் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி ஓர் ஊர். அங்கே தனலட்சுமி என்ற பெண்மணிக்குச் சரளைச் செம்மண்ணில் மானாவாரிக் கொல்லை, அதாவது புன்செய் நிலம், இருந்தது. கணவர் லாரி ஓட்டுகிறவர், வந்தால் வந்தார். பயிர் வேலை முழுதும் தனலட்சுமிதான். நிலக்கடலை (அங்கே மல்லாட்டை என்பார்கள்) போட்டு, காய் பிடிக்கும் சமயத்தில் மழை இல்லாமல் அடுத்தடுத்து இரண்டு வருடம் ஏமாந்திருந்தார். தப்பியதைக் காட்டுப்பன்றி கிளறிவிட்டது. போர் போட்டதில் புழுதிதான் வந்தது. பக்கத்துக் கொல்லை அவருடைய கொழுந்தன் முருகேசனுடையது. அவர் சவுக்கு நட்டுவிட்டு அண்ணியையும் நடச் சொல்லி வற்புறுத்திக்கொண்டிருந்தார்.

“சவுக்கு வளர்ற வரைக்கும் நானு சவுக்கையா துன்னுவேன்?” என்று தனலட்சுமி என் முன்னாலேயே கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “சார், தண்ணி கேக்காம, பன்னி திங்காம ஏதாச்சும் பயிரு இருந்தா சொல்லுங்க” என்றார்.

ஆடி மாதம் திட்டத்தில் வந்த வரகு விதையை அவருக்குக் கொடுத்தேன். அந்த வருடம் ஆவணி முழுதும் வானம் வெறிச்சென்று கிடந்தது. சுற்றுவட்டாரத்தில் நிலக்கடலை மத்தியான வெயிலில் இலையைக் கூப்பிக்கொண்டு நிற்கும். வரகும் வளரவில்லை, ஆனால் சாகவுமில்லை. ஒரு சாண் உயரத்தில் பிடிவாதமாக நின்றது. புரட்டாசியில் மழை இறங்கியதும் தூர் கட்டத் தொடங்கி, ஐப்பசியில் கொல்லை முழுதும் மண் தெரியாமல் மூடிக்கொண்டது. சரிவில் வழக்கமாக அரித்துக்கொண்டு போகும் செம்மண் அந்த வருடம் அப்படியே இருந்தது. போட்டதெல்லாம் அவர் வீட்டுக் குப்பை எரு மட்டும். பன்றி ஓரத்தில் ஒரு தடவை புகுந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. கார்த்திகையில் கதிர் வாங்கி நின்றபோது, அந்த ஊரில் நான்கைந்து குடும்பத்தார் வரப்பில் வந்து நின்று பார்த்துவிட்டு, அடுத்த ஆடிக்குத் தங்களுக்கும் விதை வேண்டும் என்று அவரிடம் சொல்லி வைத்தார்கள். முருகேசனும் வந்து பார்த்தார்.

மார்கழியில் அறுவடை. தைப் பொங்கல் வாரத்தில் அந்தச் சம்பவம்.

கிளியனூரில் ரோஸி என்பவர் நடத்திய மகளிர் குழு சத்துமாவு, முறுக்கு செய்து புதுச்சேரி சாலைக் கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தது. தனலட்சுமியிடம் வரகு வாங்கி அரைத்து விற்பதாக ஏற்பாடு. குழுவில் பொங்கல் கொண்டாடினார்கள். அரிசிக்குப் பதிலாக வரகில் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராகத் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தார்கள். வாந்தி, கை கால் நடுக்கம், அதன்பின் கண்ணைத் திறக்க முடியாத தூக்கம். ஆட்டோவிலும் ஆம்புலன்ஸிலும் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். படிக்கிறவர்கள் பதற வேண்டாம், எல்லோரும் பிழைத்தார்கள். பெரும்பாலானவர்கள் மறுநாளே வீடு திரும்பினார்கள். ரோஸியின் மாமியார்தான் கொஞ்சம் அதிக நாள் படுத்திருந்தார்.

மறுநாள் காலை எங்கள் அலுவலகத்தில் ரோஸியும் தனலட்சுமியும் எதிரெதிரே.

“இந்தக்கா மூட்டைல பூச்சி வராம இருக்க மருந்து கலந்து வச்சிருக்காங்க மேடம்” என்றார் ரோஸி.

“மருந்து வாங்க துட்டு இருந்தா நானு இன்னாத்துக்கு வரகு போடறேன்? நீ எந்த அண்டாவுல ஆக்குனியோ” என்றார் தனலட்சுமி.

“அது அந்தோணியார் கோயில் அண்டா. எத்தினி திருநாளுக்கு அதுல ஆக்கியிருக்கோம் தெரியுமா?”

“அப்ப அந்தோணியாராண்ட போய்க் கேளு. என்னாண்ட இன்னாத்துக்கு வர்றே?”

மேடம் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். “மருந்து கலந்ததை யார் பார்த்தாங்க?” என்று ரோஸியைக் கேட்டார். “அண்டா சரியில்லாததை யார் பார்த்தாங்க?” என்று தனலட்சுமியைக் கேட்டார். இரண்டு பேரும் தண்ணீரைக் குடித்தார்கள்.

“பொங்கல் சாப்பிடாம மத்ததெல்லாம் சாப்பிட்டவங்க இருந்தாங்களா?”

“இருந்தாங்க மேடம். எங்க வூட்டுக்காரரு. அவருக்கு இனிப்பு ஆகாது. வடையும் குழம்பும்தான் சாப்ட்டாரு. நல்லாத்தான் இருக்காரு.”

“அப்ப வரகைத்தான் பார்க்கணும்” என்றார் மேடம்.

அதற்குள் மேலிடத்திலிருந்து போன் வந்துவிட்டது. மீதி வரகு முழுவதையும் குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும், விநியோகத்துக்கு வைத்திருக்கும் வரகு விதையையும் திருப்பி அனுப்ப வேண்டும், இனி இந்தப் பக்கம் வரகே வேண்டாம் என்று வாய்மொழி உத்தரவு. மேடம் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “மூட்டையைப் பார்த்துட்டு எழுத்தில் தர்றேன் சார். நல்லது எது, கெட்டது எதுன்னு பிரிக்க முடியலேன்னா நானே புதைக்கிறேன்” என்றார். தனலட்சுமிக்கு அது ஒரு வருட உழைப்பு. அந்த ஊருக்கு, சரளை மண்ணில் அடுத்த ஆடிக்கு என்ன விதைப்பது என்ற கேள்வி.

மத்தியானம் ஜீப்பில் போனோம். வரகு மூட்டைகள் தனலட்சுமி வீட்டு முன்னறையில் சுவரோடு அடுக்கியிருந்தன. மாதிரி எடுக்கும் முறையை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இளைய அலுவலர்கள் அவசரத்தில் தப்புச் செய்யும் இடம் அதுதான். மூட்டையின் வாய்க்கட்டைப் பிரித்து மேலே இருப்பதை ஒரு கை அள்ளினால் அது மாதிரி ஆகாது. குத்தூசி என்று ஒரு கருவி உண்டு. முனை கூராக, ஒரு பக்கம் வாய் திறந்த இரும்புக் குழாய். ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் அதைச் சாய்வாகக் குத்தி எடுக்க வேண்டும். எடுத்ததைக் கறுப்புத் துணியில் கொட்டிப் பார்க்க வேண்டும், வெள்ளைத் துணியில் பூஞ்சணம் கண்ணுக்குத் தப்பிவிடும். பிறகு கலந்து, வட்டமாகப் பரப்பி, அளவுகோலால் நான்காக வகுத்து, எதிரெதிர்க் கால் பங்குகளை ஒதுக்கிவிட்டு மீதியை மறுபடி கலக்க வேண்டும். தேவையான அளவு வரும்வரை இதையே செய்ய வேண்டும். கடைசியில் மூன்று பங்கு. ஒன்று ஆய்வகத்துக்கு, ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று விவசாயிக்கு. மூன்றுக்கும் அரக்கு சீல்.

மேடம் முதலில் எல்லா மூட்டைக்கும் சாக்கட்டியால் எண் போடச் சொன்னார். நான் குத்த, அவர் துணியில் பார்த்தார். ஈரமானி எல்லா மூட்டைக்கும் ஏறக்குறைய ஒரே அளவைத்தான் காட்டியது. ஆனால் சில மூட்டைகளில் உமி மங்கலாக இருந்தது. முகர்ந்தால் நனைந்து காய்ந்த கோணிச் சாக்கின் வாடை.

“இதுலெல்லாம் வாடை அடிக்குதுன்னு எழுதட்டுமா மேடம்?”

“யாரோட மூக்கு?” என்றார்.

என்னுடையதுதான் என்றேன். “அப்ப உங்க மூக்குன்னே தனியா குறிச்சு வைங்க. யார்கிட்டயும் காட்டாதீங்க” என்றார். குறித்துக்கொண்டேன்.

வாசலில் முருகேசன் வந்து நின்றார். “சவுக்கு போட்டிருந்தா இந்தப் பேஜாரு உண்டா அண்ணி? சவுக்கைத் துன்னு யாராவது ஆஸ்பத்திரிக்குப் போனாங்கன்னு கேட்டிருக்கியா?” என்றார். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். தனலட்சுமி எங்களிடம், “எல்லாம் ஒரே கொல்லைல வெளஞ்சது. எல்லாம் ஒண்ணுதான்” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேடம் வேலையை நிறுத்திவிட்டு, ஒரு மூட்டையின்மேல் உட்கார்ந்தார். “தனலட்சுமி, எல்லாம் ஒண்ணுதான்னா எல்லாத்தையும் புதைக்கணும். வேற வேறன்னா எது எதுன்னு எனக்குத் தெரியணும். நீங்க நினைக்கிறது வேண்டாம். கண்ணால பார்த்ததை மட்டும் சொல்லுங்க.”

தனலட்சுமி எழுந்து பின்பக்கம் மாட்டுக் கொட்டகைக்குப் போனார். திரும்பி வந்து, வாசலில் நின்றவர்கள் கேட்கும்படியாகவே சொன்னார்.

“பாதிய அறுத்த கையோட அடிச்சிக் காய வச்சிட்டேன் மேடம். மீதிய அறுத்துப் போட்டப்போ மழை புடிச்சிக்கிச்சு. டிராக்டர்காரன் இன்னிக்கு வர்றேன் நாளைக்கு வர்றேன்னு நெல்லு அடிக்கவே போய்க்கினு இருந்தான். மல்லாட்டைக் கொடிய அம்பாரமா குவிச்சுப் போடுவோமில்ல, அதேமாரி போட்டு, பழைய கல்யாண பேனரால மூடிட்டேன். உள்ள கைய வுட்டா சுடும். மல்லாட்டைக்கும் அப்படித்தான் சுடும், அதுக்கு ஒண்ணும் ஆனதில்லியே. அப்பறம் அடிச்சு நல்லாத்தான் காய வச்சேன். ஆனா அந்த வைக்கோலத் துன்னுட்டு எங்க கன்னுக்குட்டி தள்ளாடிச்சு. காலு பின்னிக்கினு விழுந்துச்சு. டாக்டரு வந்து ஊசி போட்டாரு. மார்கழிப் பனி ஒத்துக்கலேன்னு நெனச்சேன். நேத்து குழுப் பொம்பளைங்க தள்ளாடுனாங்கன்னு கேட்டதுலேர்ந்துதான் எனுக்கு அந்த நெனப்பு.”

“ரோஸிக்குக் கொடுத்தது எது?”

“அந்த அம்பாரத்துதுதான். புதுசா வேணும்னு கேட்டுச்சு. பொங்கலுக்குப் புதுசுதான வைப்பாங்க? கடைசியா அடிச்சதுதான புதுசுன்னு அதுலேர்ந்து அளந்து குடுத்தேன்.”

எனக்கு அப்போதுதான் முழுப் படமும் விளங்கியது. இந்தப் பக்கத்தில் பொங்கல் என்றால் புது அரிசி. பழைய அரிசியில் பொங்கல் வைத்தால் குறைவாகப் பேசுவார்கள். அந்தக் கணக்கை வரகுக்கும் போட்டிருக்கிறார்கள். ஆனால் வரகு வேறு சாதித் தானியம். அறுக்கும்போதோ அம்பாரத்திலோ ஈரத்தில் கிடந்தால் உமிக்குள் ஒரு பூஞ்சணம் பிடிக்கும். அதன் நஞ்சு தலையைச் சுற்ற வைக்கும், வேகவைத்தாலும் போகாது. அதனால்தான் வரகு வழக்கத்தில் இருந்த இடங்களில் உடனே அடித்து, நன்றாகக் காயவைத்து, உமியோடு அடுத்த பருவம்வரை வைத்திருந்து உண்பது உண்டு என்று நான் படித்திருக்கிறேன். நாங்கள் அந்த ஊருக்கு விதையை மட்டும் திருப்பிக் கொண்டுபோனோம். நிலக்கடலைக்கும் நெல்லுக்கும் பழகிய கைகள் தங்களுக்குத் தெரிந்த முறையில் அதைக் கையாண்டன. ஒரு பயிரை இரண்டு தலைமுறை ‘இதர’ கட்டத்தில் போட்டு வைத்தால், அதைப் பாதுகாக்கும் பக்குவமும் விட்டுப்போகிறது. அந்தப் பயிரைத் திரும்பக் கொண்டுவருவது என்றால் இரண்டையும் சேர்த்துத்தான் கொண்டுவர வேண்டும்.

தனலட்சுமி அம்பாரத்து மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். முந்தியதைச் சணலால் தைத்திருந்தார், பிந்தியதை நைலான் கயிற்றால் கட்டியிருந்தார். நான் மூக்கால் குறித்த எண்களை மேடம் வாங்கி ஒப்பிட்டார். ஒன்றே ஒன்று ஒத்துப்போகவில்லை. அது சணல் தைத்த மூட்டை, என் மூக்குக்கு வாடை அடித்தது. “சந்தேகம் இருக்கிறதைக் கெட்டதோட சேருங்க” என்றார். தனலட்சுமி சரி என்று தலையை ஆட்டினார். இரண்டு பிரிவுக்கும் தனித்தனியாக மாதிரி எடுத்து, மூட்டைகளுக்கும் சீல் வைத்தோம். சாட்சிக் கையெழுத்தில் ஒன்று முருகேசனுடையது. மேடம்தான் அவரைக் கூப்பிட்டுப் போட வைத்தார்.

ஆய்வக முடிவு வரத் தை மாதம் முழுதும் போனது. இடையில் நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். தனலட்சுமி கண் சிவந்து, ஆள் பாதியாக இருந்தார். உடம்புக்கு என்ன என்று கேட்டேன்.

“தூக்கமே இல்ல சார். மூட்டை பக்கத்துலதான் படுத்துக்கினு இருக்கேன். எலி கடிச்சு ஒரு மூட்டை ஓட்டையானாக்கூட, நான்தான் பிரிச்சேன்னு சொல்லுவாங்க. பொட்டுனு சத்தம் கேட்டா எழுந்து உக்காந்துக்கறேன்.”

மாசியில் முடிவு வந்தது. மேடம் கவரைப் பிரித்து, வழக்கம்போல வாய்விட்டுப் படித்தார். அம்பாரத்து வரகில் பூஞ்சண நஞ்சு உண்டு. அறுத்த கையோடு அடித்த வரகில் இல்லை. பூச்சிமருந்து எதிலும் இல்லை. படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, “நீங்களே போய் சீலை உடைச்சுட்டு வாங்க. இப்பவே போங்க” என்றார். அவர் எதையும் ‘இப்பவே’ என்று சொல்லி நான் அதற்குமுன் கேட்டதில்லை. விதையைத் திருப்பி அனுப்பும் உத்தரவும் அத்தோடு நின்றது. அடுத்த ஆடியிலிருந்து எங்கள் வட்டாரத்தில் ஒவ்வொரு விதைப் பையோடும் ஒரு துண்டுச் சீட்டு போனது. ஈரத்தில் அம்பாரம் போடாதே, உடனே அடி, நன்றாகக் காயவை, புதிதாக உண்ணாதே.

முடிவு வந்த அன்றே நான் ரோஸிக்கும் போன் செய்தேன். அவர் குழுவில் மிஞ்சியிருந்த வரகையும் புதைக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டு கிளியனூரிலிருந்து வந்து சேர்ந்தார். கொல்லை ஓரத்தில் குழி வெட்டி, அம்பாரத்து மூட்டைகளைக் கொட்டி, சுண்ணாம்பு தூவி மூடினோம். மண் தள்ளும்போது ரோஸி, “நான்தான்க்கா புதுசு புதுசுன்னு உயிர எடுத்தேன்” என்றார். “நானு மட்டும்? தள்ளாடுன கன்னைப் பார்த்துக்கினு பனின்னுட்டு சும்மாதான இருந்தேன்” என்றார் தனலட்சுமி. “உன் மாமியாரு எப்படி இருக்காங்க?” “நல்லா சத்தமா திட்டிக்கினு இருக்காங்க.” “அப்ப நல்லாத்தான் இருக்காங்க.”

முன்னறைக்குத் திரும்பி, நல்ல மூட்டைகளின் சீலை ஒவ்வொன்றாக உடைத்தேன். அரக்குத் துண்டுகள் தரையில் விழுந்தன. விடுவிப்புக் குறிப்பை இரண்டு பிரதியாக எழுத வேண்டும். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். கையெழுத்து வாங்கத் திரும்பினால், தனலட்சுமி மூட்டையில் முதுகைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கிக்கொண்டிருந்தார். பட்டப்பகல். ரோஸி என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார்.

அந்த நேரம் பார்த்து முருகேசன் உள்ளே வந்தார். சீல் உடைந்த மூட்டைகளைப் பார்த்தார். தலை சாய்ந்து கிடந்த அண்ணியைப் பார்த்தார். வெளியே ஓடினார்.

“ஏய், ஜல்தியா வண்டிய எடுங்கடா. அண்ணி வரகத் துன்னுட்டாங்க. மயங்கிக் கெடக்கறாங்க.”

நானும் ரோஸியும் எழுந்து போய்த் தடுப்பதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் சொம்பில் தண்ணீரோடு வந்தார். முருகேசன் குனிந்து அண்ணியின் தோளை உலுக்கினார்.

தனலட்சுமி ஒரு கண்ணை மட்டும் திறந்தார். “முருகேசா, ஒண்ணும் துன்னல. தூக்கம் வருது, தூங்கறேன். அதுக்கும் உன்னாண்ட பர்மிஷன் வாங்கணுமா?”

எல்லோரும் சிரித்தார்கள், முருகேசனைத் தவிர. அவர் சொம்பை வாங்கி, அந்தத் தண்ணீரைத் தானே குடித்துவிட்டு, மூட்டைகளை ஒரு தடவை பார்த்தார்.

“சரி அண்ணி, ஆடிக்கு எனுக்கு விதைக்கு எத்தினி படி குடுப்ப? சவுக்கு நடாத அந்த மேட்டுத் துண்டு சும்மாதான கெடக்குது.”

தனலட்சுமி மறுபடி தூங்கிப்போயிருந்தார். கூட்டம் சத்தமில்லாமல் வெளியே போனது. நான் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, அவர் தானாக எழுந்திருக்கும்வரை காத்திருந்து கையெழுத்து வாங்கினேன்.